டகரம் ஒன்றுதான்

பார்ன்ஸ்லியிலிருந்து வந்த என் முதல் அழைப்பு:
"என் டெல்லி போச்சு, லவ்."

லவ் என்றால் நம் கண்ணு மாதிரி,
கோபித்துக்கொள்ளக் கூடாது என்று
பயிற்சியிலேயே சொல்லியிருந்தாள் ஷெரில் பின்டோ.
டெல்லியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த டெல்லி ஒன்றே ஒன்று.
பூமிக்கடியில் ரயிலுக்குக் குடைகிறார்கள்,
மூணே மாசம் தமு, என்று
கன்டோன்மென்ட் ஸ்டேஷனில்
இட்லிப் பொட்டலத்தோடு
சற்குணம் ஏறிப் போன டெல்லி.
பதினோரு மாதம் ஆயிற்று.
வாரம் ஒரு போன், மாதம் ஒரு போன்,
அப்புறம் மணியார்டர் மட்டும்.
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய்.
அந்த ஐந்து எந்தக் கணக்கு என்று
இன்றுவரை தெரியாது.

"எப்போ போச்சு சார்?"
"நேத்து ராத்திரி. ஸ்னூக்கர் நடுவுல."
பின்னால் நின்ற ஷெரில்
என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி எழுதினாள்:
டிவி. அவர் டிவியைச் சொல்றார், ட்ரேசி.

ஒயிட்ஃபீல்டில், நாலாம் மாடியில், நான் ட்ரேசி.

அன்றிரவு வண்டியில் வரும்போது
நோட்டில் குறித்துவைத்தேன்.
அவர்கள் வாயில் இரண்டும் வேறுவேறாம்.
நான் எழுதினால்
அவர்கள் டெல்லிக்கும் அவன் டெல்லிக்கும்
ஒரே டகரம்.

போகப் போகப் பழகிவிட்டது.
டெல்லில இன்னிக்கு என்ன?
டெல்லி பாத்துக்கிட்டே தூங்கிட்டேன்.
பையனுக்குப் பொழுதன்னிக்கும் டெல்லி.
டெல்லிலயே சொல்லிட்டாங்க, அப்போ நிஜம்தான்.
கடை ரசீதில் அந்தச் சொல் இருக்காதாம்.
சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தவர் வாயில்தான்
அது குடியிருக்கும்,
கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த சோப்பு மாதிரி.
தமயந்தி தேய்ந்து தமு ஆனதும் அப்படித்தான்.

நம் தொலைக்காட்சியை
மர்ஃபி டவுனில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.
திரைக்குள்ளேயே பிறந்து
திரைக்குள்ளேயே வாழ்கிற சொல் அது.
எங்களுக்கு டிவிப் பொட்டி.
அங்கேயும் சிலர் பொட்டி என்றே சொல்கிறார்கள்.
"பொட்டியில ஒண்ணுமேயில்ல இன்னிக்கு" என்று
லீட்ஸ்காரர் ஒருவர் சலித்துக்கொண்டபோது
எதிர்வீட்டு அமலோற்பவம் நினைவுக்கு வந்து
சிரித்துவிட்டேன்.
அழைப்பின் தரத்துக்கு நாலு மதிப்பெண் குறைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மிஸஸ் கிளெட்ஹில்:
"டெல்லி ஓடுது, லவ். படம் வருது.
பேச்சுதான் வரல."
நான் கொஞ்சம் தாமதித்துத்தான்
"புரியுது மேடம்" என்றேன்.

சிவப்பு விளக்கு எரியுதா?
எரியுது.
அப்போ உயிர் இருக்கு.
பிளக்கைப் பிடுங்குங்க. முப்பது எண்ணுங்க.
சீக்கிரமா எண்ணக் கூடாது.
"நீயும் கூட எண்ணேன், எனக்கு மூச்சு வாங்கும்."

எண்ணினோம்.
அவர் பதினாலில் இருமினார், நான் காத்திருந்தேன்.
இருபத்தொன்றை இரண்டு தடவை சொன்னோம்.
முப்பதில் அவர் வீட்டுக்குள்
யாரோ ஏதோ கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல
கூட்டம் கூட்டமாகக் கைதட்டினார்கள்.
"வந்துடுச்சு!" என்றார்.
அழைப்பைத் துண்டிக்காமலே
பார்க்கத் தொடங்கிவிட்டார்.
நானும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மாத மணியார்டரோடு
சித்தலிங்கப்பா வந்தபோது
கையெழுத்துப் போடவில்லை.
"பேடவா?" என்றார், நம்பாமல்.
"பேட" என்றேன்.
பாரத்தில் 'பெற மறுத்தார்' என்பதைக் கன்னடத்தில் எழுதி
பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளைத் திருப்பினார்.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று.
சீக்கிரமாக எண்ணக் கூடாது.
நாளுக்கு ஒன்று.
இன்று பத்தொன்பது.